மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஐந்து குளியலறைகள் இருக்கின்றன. இரண்டு பேர் சீவிக்கிற வீட்டுக்கு எதற்கு ஐந்து என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. அது கனடாவில் இருக்கிற என் தம்பியைக் கேட்க வேண்டிய கேள்வி. கோப்பாயில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டு அவன்தான் இதைக் கட்டினான். இதில் நானும், மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கிற அம்மாவும் இருக்கிறோம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, கல்யாணம் கட்டாதவள். "நீங்கள்தானே அக்கா வீட்டைப் பாக்கிறது" என்று தம்பி தொலைபேசியில் சொல்லுவான். பார்க்கத்தான் செய்கிறேன். கிழமைக்கு ஒரு தரம் ஐந்தையும் தேய்த்துக் கழுவுகிறேன். போன நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு, அந்த வீட்டில்தான் அம்மாவின் உடம்பைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் நின்றேன்.

தம்பி அந்த முறை குடும்பத்தோடு வந்திருந்தான். மச்சாள், இரண்டு பிள்ளைகள், ஏழு பெட்டிகள். வந்த இரண்டாம் நாள் மாலை காற்று தொடங்கியது. மார்கழி மழை எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் இது மரங்களை வேரோடு சாய்க்கிற காற்று. பிரதான வீதியில் நின்ற வேம்பு மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தது. வரவேற்பறையில் மச்சாள் சோடித்த நத்தார் மரம் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். மெழுகுதிரி கொளுத்தி வைத்ததும் படம் எடுத்து அனுப்பினார்கள்.

"அங்கை மைனஸ் இருவதிலை கறண்ட் போனாலும் ரெண்டு மணித்தியாலத்திலை தந்திடுவாங்கள்" என்றான் தம்பி. அந்த ஊர்க் குளிரில் மின்சாரம் நின்றால் என்னென்ன செய்வார்கள் என்று ஒரு பாடமே எடுத்தான். போர்வை, பற்றரி, தகரத்தில் அடைத்த சாப்பாடு. தண்ணீரைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே மின்சாரம் போனாலும் குழாயில் தண்ணீர் வருமாம். இங்கே அப்படியல்ல. எங்கள் வளவில் இருப்பது குழாய்க்கிணறு. ஆளின் கை அகலத்துக்கு ஒரு துவாரம், அடியில் மோட்டார். மோட்டார் ஓடினால் கூரைக்கு மேலே உள்ள தாங்கி நிரம்பும். மோட்டார் நின்றால் அந்தத் துவாரத்துக்குள் வாளி போகாது, செம்பும் போகாது, கண்ணீர் மட்டும் போகும்.

தாங்கியில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. ஒவ்வொரு தரமும் கழிப்பறையில் பொத்தானை அழுத்தினார்கள். பூமழைக் குழாயின் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் காலை குழாயைத் திறந்தேன். ஒரு இருமல் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

மழைத் தண்ணீரைப் பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். காற்று அடித்த நாள் இரண்டு அண்டா பிடித்தேன், அது கழிப்பறைக்குப் போய்விட்டது. அதன் பிறகு மழை சொல்லி வைத்தாற்போல நின்றுவிட்டது. வளவு முழுக்க முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. அயலில் உள்ள மலக்குழிகளெல்லாம் அதோடு கலந்திருந்தன. எட்டிப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் சந்திக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்தது. அம்மாவைத் தனியே விட்டு அரை மணித்தியாலம் வரிசையில் நின்று ஒரு வாளி கொண்டுவந்தேன். அது குடிக்கவும் கஞ்சி வைக்கவும் சரி.

குழாய் வறண்ட அன்று மத்தியானமே தம்பி பெட்டிகளை எடுத்தான். எல்லாவற்றையும் அல்ல, மூன்றை மட்டும். யாழ்ப்பாணம் நகரில் ஜெனரேட்டர் உள்ள ஒரு ஹோட்டலில் அறை கிடைத்திருந்தது.

"பிள்ளையளுக்கு ஒத்துவராது அக்கா. சின்னவனுக்கு வயித்தாலை போகத் தொடங்கீட்டுது. நாளைக்குக் கறண்ட் வந்திடும், வந்தவுடனை ஓடி வாறம்."

"அம்மா?"

"அவவை இந்த வெள்ளத்துக்குள்ளை எப்பிடி அசைக்கிறது? நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்தானே."

அம்மாவின் அறைக்குள் போய் அவர் நெற்றியில் கொஞ்சினான். ஆறு போத்தல் தண்ணீரை மேசையில் வைத்தான். வாகனம் வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போனது. எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது குறைவு. அந்தப் போத்தல்களை எடுத்து அந்த வாகனத்துக்குப் பின்னால் எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. குடிக்கத் தேவை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தாலும் அவருடைய மூளை கத்திபோல இருந்தது, இப்போதும் இருக்கிறது. சின்ன வயதில் மிஷன் பாடசாலை விடுதியில் வளர்ந்தவர். மணி அடித்து எழும்பி, மணி அடித்துச் செபித்து, மணி அடித்துத் தூங்கியவர். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. திருவிருந்து எடுப்பதற்கு முன் தலையில் தண்ணீர் வார்த்துத் தோய வேண்டும். இது வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், இல்லை. அம்மாவின் சட்டம். கோயிலுக்குப் போக ஏலாமல் போன பிறகு போதகர் ஒவ்வொரு நத்தாரன்றும் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து அவருக்கு அப்பமும் இரசமும் கொடுப்பார். அன்று காலை அம்மாவைச் சில்லுக் கதிரையில் இருத்திக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தோய வார்ப்பேன். வெள்ளைச் சேலை உடுத்திவிடுவேன். வருடத்தில் அவர் தன்னை ஒரு மனுசியாக நினைக்கிற நாள் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

நத்தாருக்கு முதல் நாள் காலை அவருக்கு டயப்பர் மாற்றினேன். மூன்று நாளாக ஈரக் கடதாசியால் துடைத்துத் துடைத்தே காலம் போயிருந்தது. படுக்கைப்புண் சிவந்திருந்தது. அறையில் ஒரு வாடை. எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன், பழகவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, போதகரை நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லு."

"ஏனம்மா?"

"என்னிலை மணக்குது. இப்பிடிக் கிடந்துகொண்டு எடுக்க மாட்டன்."

"அவர் ஒண்டும் நினைக்க மாட்டார்."

"அவர் நினைக்கிறதைப் பற்றியே நான் கதைக்கிறன்?"

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று அழுதேன். எண்பத்தாறு வயது. அடுத்த நத்தார் உண்டோ இல்லையோ யாருக்குத் தெரியும். ஐந்து குளியலறை!

குசினி யன்னலால் பார்த்தால் பின் மதில் தெரியும். மதிலுக்கு மேலே, அந்தப் பக்கத்தில், ஒரு கப்பி தெரியும். அது எங்கள் கிணறு. சரியாகச் சொன்னால் மூன்று வீட்டுக்குப் பொதுவான பங்குக் கிணறு. மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கென்று காணி உறுதியில் எழுதியிருக்கிறது. நாற்பது வருடம் அந்தக் கிணற்றில்தான் முறை வைத்து அள்ளினோம், குளித்தோம், உடுப்புத் தோய்த்தோம். வெள்ள காலத்திலும் அதற்குள் ஊத்தைத் தண்ணீர் போகாது, கட்டு அவ்வளவு உயரம். மாரியில் கையை நீட்டி அள்ளலாம்போல நிரம்பி நிற்கும். குசினியிலிருந்து அது முப்பது அடி தூரம்.

நடுவில் மதில் நின்றது. அதை எழுப்பியது தம்பியின் காசு, ஆனால் எழுப்பும்போது பக்கத்தில் நின்றவள் நான்.

எட்டு வருடத்துக்கு முன் மேசன் என்னிடம் வந்து கேட்டான். "ரீச்சர், கிணத்துப் பக்கம் போய்வர ஒரு சின்னப் படலை விடட்டோ? பங்குக் கிணறு எண்டு சொல்லுகினம்." நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வேண்டாம், அடைச்சுக் கட்டு" என்றேன். தம்பி அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் கிணறு ஞாபகமே இருந்திருக்காது. நான்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தால் வந்து, மார்புக்கு மேலே குறுக்குக்கட்டோடு நின்று, மற்றவர்கள் பார்க்க அள்ளிக் குளித்தது போதும் என்று இருந்தது. இனி எனக்குக் குழாய் உண்டு, கதவு பூட்டுகிற அறை உண்டு. பெருமைதான். அதற்கு வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

மதில் கட்டி முடிந்ததும் மேலே போத்தல் துண்டுகள் பதித்தார்கள். அப்போது கிணற்றடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவள். "எடி, ஆருக்கு உந்தக் கண்ணாடி?" நான் கேட்காததுபோல உள்ளே போய்விட்டேன். அதன் பிறகு எட்டு வருடம் நாங்கள் கதைக்கவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கக்கூட ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமே.

அம்மா போதகரை வரவேண்டாம் என்ற அன்று பின்னேரம் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். எங்கள் வாசல் பிரதான வீதியில், அவளுடையது பின் ஒழுங்கையில். முப்பது அடித் தூரத்துக்கு, வெள்ளத்துக்குள் சுற்றிக்கொண்டு கால் மணித்தியாலம் நடந்தேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தேன். நாலாயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய்க்கு ஒரு வசனம் வரவில்லை.

அவள் முற்றத்தில் விழுந்த முருங்கைக் கொப்புகளை வெட்டிக்கொண்டு நின்றாள். என்னையும் வாளிகளையும் பார்த்தாள்.

"அம்மாக்குத் தோய வாக்க வேணும்" என்றேன். "தாங்கியிலை சொட்டும் இல்லை."

"தம்பியாக்கள் வந்திருக்கினம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஹோட்டலுக்குப் போட்டினம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தாள். "உன்ரை பங்குத் தண்ணிதானே, என்னட்டை ஏன் கேக்கிறாய்" என்று முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். இரண்டு வாளியையும் நிரப்பித் தந்தாள். நான் சுற்றி நடந்து வீட்டுக்கு வந்தபோது இரண்டும் சேர்ந்து ஒரு வாளிதான் மிஞ்சியிருந்தது. ஒழுங்கையில் ஒரு குழிக்குள் கால் போய், மிஞ்சியதற்குள்ளும் வெள்ளம் தெறித்திருந்தது. அதையும் ஊற்றிவிட்டேன். அறுபத்திரண்டு வயது, ஒரு முழங்காலில் வாதம். இப்படி எத்தனை நடை நடக்கலாம்?

மதிலடியில் நின்று கூப்பிட்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பக்கம் ஒரு கதிரையில் ஏறி வாளியை மதிலுக்கு மேலால் தூக்கித் தரப் பார்த்தாள். நானும் ஒரு வாங்கில் ஏறி நின்று கையை நீட்டினேன். பாதி எட்டியது. வாளியின் அடி போத்தல் துண்டில் தட்டிச் சரிந்தது. தண்ணீர் என் தலையில் கொட்டியது, போத்தல் துண்டு அவள் கையை வெட்டியது. உள்ளங்கையிலிருந்து இரத்தம் மதிலில் வழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆருக்கு உந்தக் கண்ணாடி என்று திரும்பக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நான் வாங்கால் இறங்கி, தம்பி பூட்டி வைத்திருந்த சாமான் அறையைத் திறந்து அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது. கோபம் பலம் தருகிறது. சீமெந்துக் கல் மதில், நனைந்து கிடந்தது. இடுப்பு உயரத்தில் பொருத்துக்குள் குத்தினேன். அந்தப் பக்கத்தால் அவளும் ஏதோ இரும்பை வைத்துத் தட்டத் தொடங்கினாள், கையில் சீலை சுற்றிக்கொண்டு. பொழுது படுவதற்கு முன் இரண்டு கல் கழன்று அவள் பக்கம் விழுந்தன. அந்த ஓட்டையால் முதலில் தெரிந்தது அவளுடைய முகம். நரைத்துப் போயிருந்தாள். நானும்தான்.

"இப்ப வாளியைத் தா" என்றாள்.

எட்டு வாளி வாங்கினேன். அவள் சலிக்கவில்லை. கடைசி வாளியைத் தரும்போது கேட்டாள்: "இதிலை ஒரு படலை வையன்?" "வைப்பம்" என்றேன். மனதாரச் சொன்னேன். அந்த நேரத்தில் அது பொய்யல்ல.

நத்தாரன்று காலை காஸ் அடுப்பில் இரண்டு அண்டா சுட வைத்து, அம்மாவைச் சில்லுக் கதிரையில் இருத்தித் தோய வார்த்தேன். தலையில் முதல் செம்பு விழுந்ததும் அவர் வாயைத் திறந்து அந்தத் தண்ணீரை நாக்கால் எடுத்தார்.

"இது எங்கடை கிணத்துத் தண்ணி."

"ஓமம்மா."

"உப்பில்லை" என்றார். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உவர், ஆழம் போகப்போக அப்படித்தான். எட்டு வருடமாக அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை முறைப்பட்டதில்லை. "இன்னும் வார்" என்றார். எட்டில் நாலு வாளி வார்த்தேன். பத்தரை மணிக்குப் போதகர் வந்தார். அம்மா வெள்ளைச் சேலையோடு நிமிர்ந்து படுத்துக் கையை நீட்டி அப்பத்தை வாங்கினார். போதகர் போன பிறகு தம்பி ஹோட்டலிலிருந்து தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொன்னான். பின்னணியில் கரண்டிகளின் சத்தம் கேட்டது.

மறுநாள் பின்னேரம் மின்சாரம் வந்தது. அதற்கு அடுத்த நாள் தம்பி குடும்பத்தோடு வந்தான். வளவைச் சுற்றிப் பார்த்தவன் பின் மதிலடியில் நின்றுவிட்டான்.

"அக்கா, உதென்ன?"

சொன்னேன். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் வாடையையும் சொன்னேன். அவனுக்கு முகம் கறுத்தது, கண் கலங்கியது. நல்லவன்தான், அதுதான் பெரிய கரைச்சல். உடனே போனை எடுத்து ஜெனரேட்டர் விலை விசாரித்தான். அடுத்த நாளே ஒன்று வந்து இறங்கியது. "இனி உங்களுக்கு இந்தக் கஸ்டம் வராது" என்றான். பிறகு மேசனுக்கும் போன் அடித்தான். "உதை அடைச்சுப்போட்டுத்தான் நான் பிளேன் ஏறுவன். பொம்பிளையள் ரெண்டு பேர் தனிய இருக்கிற வீடு. கள்ளர் பூருவாங்கள்."

"ஒரு படலை வைச்சுப் பூட்டுப் போடலாம்" என்றேன்.

"படலை வைச்சா வாறவை போறவை எல்லாம் வருவினம். நாளைக்கு வீட்டை விக்கிறதெண்டாலும் வழக்குத்தான் வரும்."

விக்கிறது. அந்தச் சொல்லை அவன் சாதாரணமாகச் சொன்னான், சொன்னது அவனுக்கே தெரியாது. அம்மாவையும் சில்லுக் கதிரையையும் தள்ளிக்கொண்டு நான் எங்கே போவேன்?

மேசன் வந்தான். அதே மேசன். தலையில் மயிர் கொட்டியிருந்தது. சீமெந்தைக் குழைத்து வைத்துவிட்டு ஓட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தம்பி பத்தடி தள்ளி நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான்.

"ரீச்சர், ஒரு படலை வைக்கட்டோ? ரெண்டு கல்லு கூட எடுத்தாக் காணும்."

இரண்டாவது தரம் கேட்டான். எல்லோருக்கும் இரண்டாவது தரம் கேட்கப்படுவதில்லை. நான் தம்பியின் முதுகைப் பார்த்தேன். "வேண்டாம், அடைச்சுக் கட்டு" என்றேன். எட்டு வருடத்துக்கு முன் சொன்ன அதே சொற்கள். அப்போது பெருமை, இப்போது பயம்.

"கல்லு ரெண்டும் அங்காலை கிடக்கு" என்றான் மேசன். ஓட்டையால் எட்டிக் கூப்பிட்டான். அவள் கிணற்றடியில்தான் நின்றிருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கை இன்னும் கட்டுப் போட்டபடி. முதல் கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஓட்டையால் தந்தாள். இரண்டாவதையும் தந்தாள். அதில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுத் தந்தாள். "அம்மா சுகமே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். மேசன் கல்லை வைத்துச் சாந்து பூசினான்.

தம்பி போய் இரண்டு மாதமாகிறது. ஜெனரேட்டரை ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லியிருக்கிறான், ஓடவிடுகிறேன். மதிலில் அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. ஓட்டையை அடைத்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மத்தியானம் மருந்து குடிக்கிற நேரம் "அந்தக் கிணத்துத் தண்ணி கொஞ்சம் தா" என்று கேட்பார். நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு கிளாசில் பிடித்து வந்து கொடுப்பேன். ஒரு மிடறு குடிப்பார். என்னைப் பார்ப்பார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளாசைத் தருவார்.